ஹாலோவீன் எண்ட்ஸ்: "இன்றே கடைசி" ஒட்டிட்டு வேற படத்த ஓட்டிட்டாங்களா?

12 அக்டோபர் 2024, காலை 10:15 (கேள்வி)

ஆயுத பூஜை லீவுல ஹாலோவீன் படமா போட்டுத் தள்ளிட்டேன். 1978, 2018, 2021, நேத்து ராத்திரி 2022ல வந்த ஹாலோவீன் எண்ட்ஸ். கடைசிப் படம் என்னங்க இது? ரொம்ப நேரமா அந்த முகமூடிக் கொலைகாரன் மைக்கேலக் காணோம். கோரின்னு ஒரு பையன், அவனுக்கு ஒரு லவ்வு, அவனுக்கு ஒரு பைக்கு. மைக்கேல் என்னடான்னா சாக்கடைக்குள்ள நோயாளி மாதிரி கெடக்கான். 44 வருஷக் கதைக்கு முடிவு இதுதானா, இல்ல எனக்குத்தான் புரியலையா? பாத்த அண்ணன்மார் யாராச்சும் சொல்லுங்க.

12 அக்டோபர், இரவு 11:50

உனக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு தம்பி. எங்க ஊர்ல ஒரே ஒரு தியேட்டர் இருந்துச்சு, போஸ்டர் மேல குறுக்க "இன்றே கடைசி"ன்னு ஒரு துண்டு ஒட்டுவாங்க, அத நம்பி ஸ்கூல் விட்டதும் ஓடுவோம். ஒரு நாள் உள்ள போய் உக்காந்தா வேற படம் ஓடுது. கேட்டா பெட்டி மாறி வந்துருச்சுன்னாங்க. ஹாலோவீன் எண்ட்ஸ் பாத்தப்ப எனக்கு அதே ஃபீலிங்தான், பெட்டி மாறிப்போச்சு.

ஏன்னா கணக்கு இதுதான. 2018 படத்துல, முதல் படத்துல மைக்கேல்கிட்டருந்து தப்பிச்ச லாரி 40 வருஷமா துப்பாக்கி வாங்கி, வீட்டையே பொறியா மாத்தி, மைக்கேல உள்ள தள்ளி கொளுத்திவிடுறாங்க. 2021ல வந்த ஹாலோவீன் கில்ஸ் அதே ராத்திரி தொடருது, தீயணைப்புக்காரங்க வந்து தெரியாத்தனமா அவன வெளிய விட்டுடுறாங்க, ஊரே கட்டையத் தூக்கிட்டு வருது, கடைசில லாரியோட மக கேரன மைக்கேலோட பழைய வீட்டு மாடிலயே குத்திக் கொன்னுடுறான். அங்க படம் கட். அப்ப நாம எந்தக் கடனோட வெளிய வர்றோம்? மகளப் பறிகொடுத்த தாய்க்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. மூணாவது படம் தொறந்தா நாலு வருஷம் ஓடிப்போச்சு, லாரி பூசணிக்கா பை சுட்டுக்கிட்டு சுயசரிதை எழுதிட்டு இருக்காங்க, மைக்கேல் அட்ரஸே இல்ல. கடன் நமக்கு, பணம் யாரோ கோரிக்கு.

முதல் ஒரு மணி நேரம் மைக்கேலே கெடையாதுங்க. நான் பாத்ரூம் போயிட்டு வந்து கேட்டேன், இன்னும் வரலியான்னு.

13 அக்டோபர், காலை 7:30

ராத்திரி எழுதுனதுல ஒரு மணி நேரம்னு அளந்துவிட்டேன், தப்பு. இப்ப ஓட்டிப் பாத்தேன், சுமாரா நாப்பது நிமிஷம். படம் மொத்தம் 111 நிமிஷம். ஆனாலும் அதிகம்தான்.

ஒருத்தர் கேட்டிருக்கார், இது எத்தனாவது படம்னு. பதிமூணாவது. அதுல 1982ல வந்த மூணாவது படத்துல மைக்கேலே கெடையாது, அது முகமூடி விக்கிற கம்பெனிக்காரன் கதை. டிவில பழைய படத்தோட விளம்பரம் ஓடும், மைக்கேலோட பங்கு அதுல அவ்ளோதான். அப்பவும் ஜனங்க இதே மாதிரிதான் திட்டுனாங்க, எங்கடா எங்காளுன்னு. அதனாலயே 1988ல நாலாவது படத்துக்கு தலைப்புலயே "மைக்கேல் மையர்ஸ் திரும்பி வர்றான்"னு போட்டாங்க. செம காமெடி என்னன்னா எண்ட்ஸோட டைட்டில் எழுத்த கவனிச்சுப் பாரு, நீலக் கலர்ல அந்த மூணாவது படத்து ஃபான்ட். இந்தத் தடவயும் உங்காளு பெருசா வரமாட்டான்னு முதல் நிமிஷமே சொல்லிட்டாங்க, நமக்குத்தான் வெளங்கல.

13 அக்டோபர், காலை 7:42

பூசணிக்கான்னு எழுதுனதும் ஞாபகம் வந்துச்சு. நேத்து முந்தாநேத்து உடைச்ச பூசணிக்காய எவனும் ரோட்ட விட்டு எடுக்கல, எங்க ஏரியா முக்குல பைக்குல வந்த ஒருத்தர் சர்ருன்னு வழுக்கிட்டார். அமெரிக்கால ஹாலோவீனுக்கு பூசணிக்கால மொகம் செதுக்கி உள்ள விளக்கு வைக்கிறான். இங்க குங்குமத்தப் போட்டு ரோட்டுல அடிக்கிறோம். உயிருக்கு ஆபத்துன்னு பாத்தா நம்ம பூசணிக்காதான் முதலிடம்.

16 அக்டோபர், இரவு 9:05

"படம் ஃப்ளாப்பா"ன்னு கேள்வி வந்திருக்கு. ஃப்ளாப் இல்ல. 2018 படம் ஒரு கோடி டாலர் பட்ஜெட்டுக்கு 25 கோடிக்கு மேல எடுத்துச்சு. கில்ஸ் 13 கோடி சொச்சம். எண்ட்ஸ் 10 கோடி சொச்சம். கை நஷ்டம் யாருக்கும் இல்ல. ஆனா முதல் வாரக்கடைசில 4 கோடி டாலர் எடுத்த படம் அடுத்த வாரக்கடைசில 80 சதவீதம் விழுந்துச்சு. அதுதான் பேச்சு. பாத்தவன் வெளிய வந்து அடுத்தவன போகாதன்னு சொல்லிருக்கான்னு அர்த்தம். தியேட்டர்ல பாத்தவங்க குடுத்த சினிமாஸ்கோர் சி பிளஸ்.

அதே நாள்ல பீகாக் ஓடிடில விட்டதாலதான் கூட்டம் குறைஞ்சதுன்னு ஒரு சாக்கு ஓடுது. கில்ஸும் அதே நாள் பீகாக்ல வந்த படம்தான். இத்தனைக்கும் அது இதவிட நல்லா ஓடுச்சு.

19 அக்டோபர், இரவு 1:20

இன்னைக்கு மறுபடி முழுசா பாத்தேன், அக்கா வந்திருந்தா, அவளையும் புடிச்சு உக்கார வச்சேன். அக்கா பேய்ப்படம் பாக்குற ஆளு இல்ல, மைக்கேல் யாருன்னே தெரியாது. அதுதான் விஷயமாப் போச்சு.

முதல் சீன். 2019 ஹாலோவீன் ராத்திரி, பெரிய வீடு, கோரி காலேஜுக்கு காசு சேக்குறதுக்காக ஒரு சின்னப் பையன பாத்துக்க வர்றான். டிவில தி திங் ஓடுது, 1982ல, முதல் ஹாலோவீன் படத்த எடுத்த ஜான் கார்பென்டரே எடுத்தது. 1978 படத்துல லாரி பாத்துக்குற புள்ளைங்க டிவில பாக்குறது அதுக்கும் முன்னாடி 1951ல வந்த பழைய திங். இந்த மாதிரி நூல் கோக்குறதுல கடைசி மூணு படத்தோட டைரக்டர் டேவிட் கார்டன் கிரீன கொற சொல்ல முடியாது. பையன் வெளையாட்டுக்கு கோரிய மேல்மாடி ரூம்ல வச்சுப் பூட்டிடுறான். இவன் பயந்து கத்துறான், கதவ ஒதைக்கிறான். அப்பா அம்மா அப்பத்தான் வீட்டுக்குள்ள நுழையுறாங்க. கடைசி ஒதைல கதவு தெறந்து பையன் மேல அடிச்சு, அவன் கைப்பிடியத் தாண்டி கீழ, அம்மா காலடில வந்து விழுறான். கோரி மேல இருந்து எட்டிப் பாக்குறான்.

அக்கா ரெண்டு கையையும் வாயில வச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் படம் முடியுற வரைக்கும் அவ கோரியத்தான் பாத்தா. மைக்கேல் வந்தப்ப "இவன் யாரு நடுவுல"ன்னு கேட்டா. சத்தியமா.

நான் முதல் தடவ மைக்கேலுக்காக காத்துக்கிட்டு இருந்ததுல அந்த சீனோட கனமே எனக்குத் தெரியல. கோர்ட்டு அவன விட்டுருச்சு, ஊரு விடல. சுவத்தப் பாத்துக்கிட்டு நடக்குறான், பெட்ரோல் பங்க் வாசல்ல ஸ்கூல் பேண்டு வாசிக்கிற நண்டுசிண்டுங்க கூட அவன வம்பிழுக்குது. லாரி வந்து கத்திய எடுத்து அந்தப் பசங்க கார் டயரக் கிழிக்கச் சொல்ற சீன் இருக்கே, மூணு படத்துலயும் லாரி ஒரு மனுஷியா சிரிக்கிற எடம் அது ஒண்ணுதான்னு தோணுது. அதனால 12ந் தேதி நான் எழுதுனதுல பாதிய வாபஸ் வாங்கிக்கிறேன். ஓட்டுன படம் நல்ல படம். ஒட்டுன போஸ்டர்தான் தப்பு.

ஆனா அக்கா கேட்ட ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. நடுவுல நிறுத்தி முந்துன படத்து கதையச் சொன்னேன், லாரியோட மகளக் கொன்னுட்டான்னு. "எப்ப?" நாலு வருஷம் ஆச்சுன்னேன். "நாலு வருஷத்துலயா இந்தம்மா இப்படி சமையக்கட்டுல கலகலன்னு இருக்கு?" லாரியா நடிச்ச ஜேமி லீ கர்ட்டிஸ் நல்லாத்தான் பண்றாங்க, எழுதிக் குடுத்தவங்க அந்த நாலு வருஷத்த எழுதல. அதுல ஒரு முழுப் படம் இருக்கு, அத முழுங்கிட்டாங்க.

20 அக்டோபர், காலை 8:10

ஒரு சின்ன விஷயம் விட்டுட்டேன். கடைசில லாரி சுட்டதும் கோரி விழுறதும் மாடிலருந்து கீழதான். அந்தப் பையன் மாதிரியே. முதல் தடவ கவனிக்கல, அப்ப செல்ல நோண்டிட்டு இருந்தேன்னு நெனைக்கிறேன்.

22 அக்டோபர், இரவு 12:35

"ஊரு ஒதுக்குனா ஒருத்தன் கொலைகாரனாயிடுவானா, நம்புற மாதிரியா இருக்கு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ரெண்டு நாளா இத யோசிச்சுட்டுதான் இருந்தேன்.

நான் ஒம்பதாவது படிக்கும்போது, 2003, எங்க தெருவுல ஒரு அண்ணன். லேத்துப் பட்டறைல வேல. எனக்கு பெரிய சைக்கிள்ல குரங்குப் பெடல்லருந்து சீட்டுல ஏத்தி ஓட்டக் கத்துக்குடுத்தது அவர்தான், பின்னாடி கேரியரப் புடிச்சுக்கிட்டே ஓடி வருவார், விட்டதச் சொல்லவே மாட்டார். ஒரு ஞாயித்துக்கெழம பக்கத்து வீட்டு சின்னப் பையன கண்மாய்க்கு குளிக்கக் கூட்டிட்டுப் போனார். பையன் திரும்பி வரல. மடைப் பக்கம் சேத்துல கால் மாட்டிருச்சுன்னாங்க. போலீஸ் வந்து விசாரிச்சுது, ஒரு ராத்திரி ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்க, காலைல அனுப்பிட்டாங்க. கேஸ் இல்ல.

தெரு மட்டும் கேஸ முடிக்கவே இல்ல. டீக்கடைல அவருக்கு டீ குடுப்பாங்க, ஆனா அவர் உக்காந்த பெஞ்சுல வேற யாரும் உக்கார மாட்டாங்க. தெருக் கொழாய்ல அவங்கம்மா குடத்த வச்சா மத்தவங்க குடத்த நகட்டுவாங்க. சின்னப் புள்ளைங்கள, அவரு வர்ற நேரத்துக்கு உள்ள கூப்பிட்டுக்குவாங்க. நான்? அவர் எதுக்க வந்தா செருப்பு வார மாட்டுற மாதிரி குனிஞ்சுக்குவேன். சைக்கிள் கத்துக்கிட்ட அதே தெருவுல. ஒரு வருஷமோ என்னமோ, அப்புறம் திருப்பூர் பஸ் ஏறிப் போயிட்டார்.

அவர் யாரையும் கத்தியத் தூக்கிக் குத்தல. சத்தமாக்கூட பேசல. அதனால படத்துமேல எனக்கு இருக்குற உண்மையான கோவம் இப்பத்தான் புடிபடுது. மைக்கேல் எங்கன்னு கேட்டதெல்லாம் சும்மா. அந்தப் பேண்டு பசங்க கோரிய பாலத்துலருந்து தள்ளிவிட்டு, மைக்கேல் அவன சாக்கடைக்குள்ள இழுத்து, கழுத்தப் புடிச்சு கண்ணப் பாத்துட்டு விட்டுடுறான் பாரு, அதுக்கப்புறம் கோரி பேய் புடிச்சவன் மாதிரி ஒவ்வொருத்தனா தீத்துக்கட்ட ஆரம்பிக்கிறான். அது வரைக்கும் ஊரு பண்ணுன வேலய படம் ஒழுங்காக் காட்டிட்டு, அந்த எடத்துல ஊர விடுதல பண்ணி விட்டுருது. பாத்தியா, அவனுக்குள்ள ஏற்கனவே இருந்துச்சுன்னு. அப்ப டயரக் கிழிச்ச அந்தப் பையன் என்ன ஆனான்? எனக்குத் தெரிஞ்சவங்க அப்படி ஆகல. குனிஞ்ச தல நிமிராம பஸ் ஏறுனாங்க. அது பேய்ப்படத்துக்கு ஆகாதுன்னு சொன்னா, அதவிட பயம் எனக்கு வேற எதுலயும் இல்ல.

நீளமா எழுதிட்டேன், தூக்கம் வரல.

23 அக்டோபர், மதியம் 1:15

ஆபீஸ்ல சாப்புட்டுட்டு எழுதுறேன், சுருக்கமா. "கோரிய ரெண்டாவது படத்துலயே காட்டிருந்தா எல்லாரும் ஏத்துக்கிட்டிருப்பாங்க"ன்னு வந்திருக்கிற கருத்து நூத்துக்கு நூறு சரி. கில்ஸ்ல ஊரு கூடி கத்துற கூட்டத்துல ஓரமா ஒரு முகமா அவன நிக்க வச்சிருந்தாக்கூட போதும்.

ஆனா வெதையே போடலன்னு சொல்ல முடியாது. கில்ஸ் ஆஸ்பத்திரி சீன நெனச்சுப் பாருங்க. தப்பிச்சு வந்த வேற ஒரு நோயாளிய மைக்கேல்னு நெனச்சு ஊரே தொரத்துது, "இன்னைக்கு ராத்திரி சாத்தான் சாகும்"ங்கிற மாதிரி கத்திக்கிட்டே, அந்தாளு பயந்து சன்னல்லருந்து குதிச்சு செத்துப்போறான். அப்ப எல்லாரும் அந்த சீன நக்கல் பண்ணோம். எண்ட்ஸ் முழுக்க அந்த ஒரு சீனோட நீட்சிதான். வெத இருந்துச்சு, மொளச்சது வேற தோட்டத்துல.

27 அக்டோபர், இரவு 10:00

"கடைசி"ன்னு போட்டு கடைசியா முடிஞ்ச பேய்ப்படம் எதுனாச்சும் இருக்கான்னு ஒரு பந்தயம் ஓடுது போல. ஃப்ரைடே தி தர்ட்டீன்த் 1984ல இறுதி அத்தியாயம்னு போட்டான், 1985லயே புது ஆரம்பம்னு வந்துட்டான். எல்ம் ஸ்ட்ரீட் படங்கள்ல வர்ற கொலைகாரன் ஃப்ரெடி செத்துட்டான்னு 1991ல கடைசி பகுதிக்கு மட்டும் 3டி கண்ணாடி குடுத்து அனுப்பி வச்சான், 1994ல ஃப்ரெடி திரும்ப ஆஜர். "சா" (Saw) படத் தொடர் 2010ல முடிஞ்சுது, 2017ல எழுந்துச்சு, 2023ல பத்தாவது.

ஹாலோவீன்லயே பாரு. 1998ல வந்த எச்20ங்கிற படத்துல லாரி கோடாலியால மைக்கேல் தலைய வெட்டுனாங்க. தலையே போச்சு, இனிமே என்ன? 2002ல வந்து, அது மைக்கேலே இல்ல, முகமூடி மாட்டிவிட்ட ஆம்புலன்ஸ் ஊழியர், தொண்டைய நசுக்கிட்டதால அவரால வாயத் தெறந்து சொல்ல முடியலன்னு விட்டாங்க ஒரு கதை. அந்தப் படத்துலயே லாரியையும் கொன்னாங்க. அப்புறம் 2018ல முதல் படத்தத் தவிர எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க, லாரிக்கு உயிர் வந்துருச்சு.

அந்த பயத்துலதான் எண்ட்ஸ்ல கையக் கத்தியால மேசையோட அறைஞ்சு, ஃப்ரிட்ஜத் தள்ளி, கழுத்த அறுத்து, மணிக்கட்ட அறுத்து, ஊர்வலமா கார் மேல கட்டி எடுத்துட்டுப் போய் பழைய இரும்பு அரைக்கிற மெஷின்ல போடுறாங்க. கிரைண்டர்ல உளுந்து போட்ட மாதிரி. ஊர்வலத்துக்கு தாரை தப்பட்டை மட்டும்தான் கொறச்சல். இனி எவனும் டூப்பு கதை விட முடியாது. கோரி வேல பாத்தது அதே பட்டறைல, அந்த மெஷின முன்னாடியே காட்டிருப்பாங்க.

சமையக்கட்டு சண்டைய மட்டும் நான் எங்கயும் விட்டுக்குடுக்க மாட்டேன். வயசான ரெண்டு ஒடம்பு, மூச்சு வாங்கிக்கிட்டு, கைக்குக் கெடச்சதயெல்லாம் எடுத்து அடிச்சுக்கிறது. அதுக்காக காத்திருந்தது வீண் இல்ல. பத்து நிமிஷம்கூட இல்லங்கிறதுதான்.

3 நவம்பர், இரவு 11:25

இந்த வருஷம் தீபாவளியும் 31ந் தேதியே வந்துச்சு, ஹாலோவீன் அன்னைக்கே. ஊருக்குப் போயிருந்தேன். தெருவுல சரவெடிப் பொகைல எதுக்க நிக்கிறவன் மூஞ்சி தெரியல, முகமூடியே தேவையில்ல.

22ந் தேதி எழுதுனத திருத்தணும். முறுக்கு தின்னுக்கிட்டே அம்மாகிட்ட அந்த அண்ணன் பேச்ச எடுத்தேன், கண்மாய்க்கு ஏன் அந்தப் பையனக் கூட்டிட்டுப் போனார்னு. அம்மா என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. "அவன் எங்கடா கூட்டிட்டுப் போனான்? அவன் பாட்டுக்கு குளிக்கப் போனான். இந்தப் புள்ள வீட்டுல சொல்லாம பின்னாலயே ஓடிருக்கு. இவன் கரையேறி வந்து துண்டு கட்டும்போது யாரோ கத்துனத கேட்டு மறுபடி குதிச்சு, தூக்குனதே இவன்தான்."

அப்ப கூட்டிட்டுப் போனார்னு எனக்கு யாரு சொன்னது? யாரும் சொன்ன ஞாபகம் இல்ல. 21 வருஷமா எனக்கு அப்படித்தான் தெரியும், இங்கயும் அப்படியே எழுதி வச்சிருக்கேன், நீங்களும் படிச்சிருக்கீங்க. மேல உள்ளத அழிக்கல, இருக்கட்டும்.

தீபாவளிக்கு வந்திருந்தாராம். வந்து ஒரு ராத்திரி இருந்துட்டு விடிய மொத பஸ்ஸுக்கு கெளம்பிட்டார். நான் வந்து சேந்தது காலைல எட்டு மணிக்கு.

4 நவம்பர், காலை 9:00

எல்லாரும் ஆறுதலா எழுதிருக்கீங்க, சரி சரி, படத்துக்கு வாங்க.

கோரிக்கு ஏன் கன்னிங்ஹாம்னு குடும்பப் பேருன்னு கேட்டவருக்கு: 1983ல கார்பென்டர் எடுத்த கிறிஸ்டீன்ல ஆர்னி கன்னிங்ஹாம்னு ஒரு கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், எல்லார்கிட்டயும் அடி வாங்குறவன், ஒரு பேய்க் கார் கெடச்சதும் ஆளே மாறிடுவான். அதே பாதைதான். இங்க காருக்குப் பதிலா பைக்கு. அது காரோட படம்னு சொல்லித்தான் வித்தாங்க, அதனால யாரும் சண்ட போடல.

9 நவம்பர், இரவு 10:40

முந்தாநேத்து டிவில திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பாத்தீங்களா. யானைத்தல போய் சிங்கத்தல, சிங்கத்தல போய் சூரன் தல, தலய மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். வருஷா வருஷம் கொல்றோம், வருஷா வருஷம் வர்றான், கூட்டமும் கொறையல. மைக்கேல் மட்டும் ஏன் நிரந்தரமா சாகணும்னு அடம் புடிக்கிறோம்னு தெரியல. எப்படியும் டிவி சீரியலுக்கு உரிமைய மிராமேக்ஸ் கம்பெனி 2023லயே வாங்கியாச்சு. மெஷின்ல அரைச்ச மாவுலருந்து எப்படி எழுப்பப் போறாங்கன்னு பாக்கத்தான் போறோம்.

தம்பி, மறுபடி பாக்கலாமான்னு கேட்டிருந்தியே. பாரு. ஆனா மராத்தான்ல சேக்காத. முந்துன ரெண்டையும் பாத்துட்டு சூட்டோட சூடா இத போட்டா 12ந் தேதி நீ சொன்ன அதே ஏமாத்தம்தான் வரும். மூணு மாசம் கழிச்சு, யாராச்சும் மைக்கேலத் தெரியாத ஆள பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாரு. எங்கக்கா இப்ப 1978 படம் வேணும்னு கேட்டிருக்கா, அந்த வெள்ளை முகமூடிக்காரன் மொதல்ல யாருன்னு தெரியணுமாம். அது ரெண்டு டாலருக்கு வாங்குன, ஸ்டார் ட்ரெக் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடிச்சதுன்னு சொன்னேன், நம்ப மாட்டேங்குறா.